முக்கோணத்தின் பரப்பளவு: யூக்ளிட் முதல் ஹெரான் வரை, கையால் செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு அளவியல் பாடத்தில் ஹெரான் சூத்திரம் வருகிறது. மூன்று பக்கங்களும் தெரிந்தால் போதும், முக்கோணத்தின் பரப்பளவு கிடைத்துவிடும். மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள், அடுத்த ஆண்டே மறந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சூத்திரத்தை நேராகப் பார்த்தால் அது ஏன் உண்மை என்று யாருக்குமே தெரியாது. நான்கு எண்களைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பரப்பளவு எப்படி வரும்?

கிரேக்கர்கள் போன வழியிலேயே போனால் இது புரியும். யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் எழுதினார். ஹெரான் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதினார். இரண்டு பேரும் எகிப்தின் அலெக்சாண்டிரியாவோடு சேர்த்தே பேசப்படுகிறவர்கள். இருவருக்கும் நடுவே முந்நூற்றைம்பது ஆண்டுகள். அந்த இடைவெளியை ஒரு மாலைப் பொழுதில் கடந்துவிடலாம். வெள்ளைத்தாள் நாலைந்து, பென்சில், ஸ்கேல், காம்பஸ், மூலைமட்டம், கத்தரிக்கோல் போதும். கால்குலேட்டரை ஓரமாக வைத்துவிடுங்கள், கடைசியில் சரிபார்க்க மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: எண்ணே இல்லாமல் தொடங்குங்கள்

ஒரே அளவில் இரண்டு முக்கோணங்களை வெட்டிக்கொள்ளுங்கள். எந்த வடிவமாக இருந்தாலும் சரி, இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்றதை அரைச் சுற்று திருப்பி, நீளமான பக்கத்தோடு பக்கம் ஒட்டுங்கள். இணைகரம் கிடைக்கும். அப்புறம் அந்த இணைகரத்தின் ஒரு முனையில் செங்குத்தாக வெட்டி, வெட்டிய துண்டை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வையுங்கள். செவ்வகம் ஆகிவிடும். முக்கோணம் அந்தச் செவ்வகத்தில் சரிபாதி.

யூக்ளிட் தன் ‘எலிமென்ட்ஸ்’ நூலின் முதல் பகுதியில் 35 முதல் 41 வரையுள்ள தேற்றங்களில் இதைத்தான் நிறுவுகிறார். ஆனால் அவர் துண்டு வெட்டி நகர்த்தவில்லை. ஒரே அடிப்பக்கத்தின் மேல், ஒரே இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே உள்ள இணைகரங்கள் எல்லாம் சமம் என்கிறார். நிறுவ, சர்வசமமான இரண்டு முக்கோணங்களை எடுத்து, இரண்டிலிருந்தும் பொதுவான பகுதியைக் கழித்து, பிறகு இரண்டோடும் பொதுவான பகுதியைச் சேர்க்கிறார். இணைகரம் எவ்வளவு சாய்ந்திருந்தாலும் இது செல்லும். கத்தரிக்கோல் முறையில் மிகவும் சாய்ந்த இணைகரத்தைப் பல துண்டுகளாக வெட்ட வேண்டியிருக்கும். யூக்ளிடுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதை வரைந்தும் பாருங்கள். 10 செ.மீ. நீளத்தில் அடிப்பக்கம் ஒன்று. அதற்கு 6 செ.மீ. மேலே ஓர் இணைகோடு. மேல்கோட்டில் எங்கே வேண்டுமானாலும் ஒரு புள்ளி வைத்து முக்கோணம் வரையுங்கள். புள்ளியைத் தாளின் விளிம்புவரை தள்ளினாலும் பரப்பளவு மாறாது. கண்ணுக்கு அது மெலிந்துகொண்டே போவதுபோலத் தெரியும், சுற்றளவு ஏறிக்கொண்டே போகும், பரப்பளவு மட்டும் அசையாமல் நிற்கும். இந்த ஓர் உண்மை மனதில் உட்கார்ந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

புதிதாகப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூக்ளிட் எங்கேயும் ‘அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கி இரண்டால் வகு’ என்று சொல்வதில்லை. அவர் நூலில் அளவெடுத்த முக்கோணம் ஒன்றுகூடக் கிடையாது. இந்த உருவம் அந்த உருவத்துக்குச் சமம், அல்லது பாதி என்று மட்டுமே பேசுகிறார். பரப்பளவைக் காண்பது என்றால் அவருக்கு அந்த முக்கோணத்துக்குச் சமமான ஒரு சதுரத்தை வரைந்து காட்டுவது. இரண்டாம் பகுதியின் கடைசித் தேற்றம், 14ஆவது, அதைத்தான் செய்கிறது. எண்ணை விட்டுவிட்டதால் அவருக்கு எதுவும் குறைந்துபோகவில்லை. வர்க்கமூலம் முடிவில்லாமல் நீளும் இடங்களில்கூட அவருடைய சமம் துல்லியமான சமமாகவே நிற்கிறது.

இரண்டாம் படி: சாய்வான பக்கத்தை உயரம் என்று நினைக்காதீர்கள்

தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் இது. அடிப்பக்கம் தெரியும், பக்கவாட்டுப் பக்கங்களும் தெரியும். பக்கவாட்டையே உயரமாக எடுத்துக்கொண்டால் என்ன?

எகிப்தில் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். எட்ஃபு ஊரில் ஹோரஸ் கோயில் சுவரில் கோயில் நிலங்களின் பட்டியல் பொறிக்கப்பட்டிருக்கிறது. காலம் கி.மு. 100 வாக்கில். அதில் நான்கு பக்க நிலத்துக்கு எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கியிருக்கிறார்கள். முக்கோண நிலம் வந்தால், நான்காவது பக்கம் ‘ஒன்றுமில்லை’ என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

பக்கங்கள் 13, 14, 15 உள்ள முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க நம்மோடு வரப்போகும் முக்கோணம் இது. எட்ஃபு முறையில் 13க்கும் 15க்கும் சராசரி 14. 14க்கும் ‘ஒன்றுமில்லை’க்கும் சராசரி 7. பெருக்கினால் 98. உண்மையான பரப்பளவு 84. ஆறில் ஒரு பங்கு கூடுதல்! யூக்ளிட் தன் தேற்றங்களை எழுதி இருநூறு ஆண்டு ஆன பிறகும், அதே நாட்டில், நில அளவைக்காரர்கள் இப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தேற்றம் ஓர் உலகத்திலும் அளவுகயிறு வேறோர் உலகத்திலும் இருந்தன. அவற்றைச் சேர்த்து வைத்ததுதான் ஹெரானின் பெருமை என்று நான் நினைக்கிறேன்.

சரி, அந்த 84 எங்கிருந்து வந்தது?

மூன்றாம் படி: உச்சியிலிருந்து விழும் கோட்டைக் கணக்கால் பிடியுங்கள்

முக்கோணத்தின் உச்சிகளை க, ச, த என்று வைத்துக்கொள்வோம். கச = 13, சத = 14, கத = 15. செ.மீ. அளவில் வரைந்துகொள்ளுங்கள். சத என்ற 14 செ.மீ. கோட்டை முதலில் போட்டு, ச-விலிருந்து காம்பஸில் 13, த-விலிருந்து 15 வீச்சுப் போட்டால் க கிடைக்கும்.

க-விலிருந்து சத மேல் செங்குத்துக் கோடு விழுகிறது. அது ச-விலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்று தெரிந்தால் போதும், பித்தாகரஸ் தேற்றத்தால் உயரம் வந்துவிடும். இதற்கான கருவி ‘எலிமென்ட்ஸ்’ இரண்டாம் பகுதியின் 13ஆம் தேற்றம். குறுங்கோணத்துக்கு எதிர்ப்பக்கத்தின் வர்க்கம், மற்ற இரண்டு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருக்கும். எவ்வளவு குறைவு? அடிப்பக்கத்தையும், செங்குத்து வெட்டும் துண்டையும் பெருக்கி அதை இரட்டித்தால் வரும் அளவு. இன்றைக்கு இதைக் கொசைன் விதி என்று படிக்கிறோம்.

இந்தக் கணக்கைத் தன் ‘மெட்ரிக்கா’ நூலில் ஹெரான் இதே எண்களோடு போட்டுக் காட்டுகிறார்:

13இன் வர்க்கம் 169. 14இன் வர்க்கம் 196. கூட்டினால் 365.
15இன் வர்க்கம் 225. கழித்தால் 140.
அதில் பாதி 70.
அடிப்பக்கமான 14ஆல் வகுத்தால் 5.

செங்குத்து ச-விலிருந்து 5 தூரத்தில் விழுகிறது. 169இலிருந்து 25ஐக் கழித்தால் 144, அதன் வர்க்கமூலம் 12. அதுதான் உயரம். 14 × 12 = 168, பாதி 84.

படத்தில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 5 செ.மீ. புள்ளியில் மூலைமட்டத்தை நிறுத்தினால் அதன் விளிம்பு நேராக க-வைத் தொடும், உயரம் 12 செ.மீ. இருக்கும். இந்த முக்கோணத்தை ஹெரான் சும்மா எடுக்கவில்லை. பக்கங்கள், உயரம், பரப்பளவு எல்லாமே முழு எண்ணாக வரும் முக்கோணம் இது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் லீலாவதியில் முக்கோணக் கணக்குச் சொல்லும்போதும் இதே 13, 14, 15தான் வருகிறது.

நான்காம் படி: செங்குத்து வெளியே விழுந்தால்

பக்கங்கள் 13, 11, 20. இதுவும் ஹெரானின் உதாரணமே. 11ஐ அடிப்பக்கமாக வைத்து வரைந்தால் உச்சி வெளியே தள்ளி நிற்கும், செங்குத்து அடிப்பக்கத்துக்கு வெளியே விழும். ஒரு கோணம் விரிகோணம் என்பதால் இப்படி ஆகிறது. இப்போது அதே இரண்டாம் பகுதியின் 12ஆம் தேற்றம் வேண்டும். இங்கே பெரிய பக்கத்தின் வர்க்கம் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகம்.

400இலிருந்து 169ஐயும் 121ஐயும் கழித்தால் 110. பாதி 55. 11ஆல் வகுத்தால் 5. அடிப்பக்கத்தை 5 அளவு நீட்டினால் அங்கே செங்குத்து விழும். உயரம் மறுபடியும் 12. பரப்பளவு 11 × 12 இல் பாதி, 66.

இரண்டு முக்கோணங்களையும் தாளில் வெட்டி, 13 செ.மீ. பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பாருங்கள். 14உம் 11உம் ஒரே நேர்கோட்டில் வரும்படி வையுங்கள். 15, 20, 25 பக்கங்கள் கொண்ட பெரிய செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதன் பரப்பளவு 15 × 20 இல் பாதி, 150. நம் 84உம் 66உம் சேர்ந்தால் 150. இதைவிடத் தெளிவான சரிபார்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்த இடத்தில் அவசரப்படாமல் நின்று, அவர்களே ஒட்டிப் பார்க்க விடுங்கள்.

ஐந்தாம் படி: செங்குத்தே போடாமல்

இதுவரை உயரத்தைத் தேடினோம். நிலத்தில் இறங்கி அளக்கிறவருக்கு அது பெரிய சங்கடம். நடுவில் கிணறு இருக்கும், மரம் இருக்கும், சரியான செங்கோணத்தில் கயிறு பிடிப்பது லேசான வேலையல்ல. ஆனால் மூன்று ஓரங்களையும் யாரும் அளந்துவிடலாம். ஹெரானின் எட்டாவது கணக்கு இதற்காகவே வருகிறது. அவர் எடுக்கும் பக்கங்கள் 7, 8, 9. அடியா முழமா என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டாம் என்று வெறும் ‘அலகு’ என்றே கணக்கைக் கொண்டுபோகிறார்.

7ஐயும் 8ஐயும் 9ஐயும் கூட்டு: 24.
பாதி எடு: 12.
12இலிருந்து 7ஐக் கழி: 5. 8ஐக் கழி: 4. 9ஐக் கழி: 3.
12ஐ 5ஆல் பெருக்கு: 60. அதை 4ஆல் பெருக்கு: 240. அதை 3ஆல் பெருக்கு: 720.
இதன் வர்க்கமூலம்தான் பரப்பளவு.

அந்த 12தான் அரைச் சுற்றளவு. கழித்து வரும் மூன்று மீதிகளையும் கூட்டினால் மறுபடியும் அரைச் சுற்றளவே வர வேண்டும்: 5 + 4 + 3 = 12. கணக்கில் கை தவறியிருந்தால் இங்கேயே பிடித்துவிடலாம். ஏதாவது ஒரு மீதி சுழியாகவோ எதிர்மறையாகவோ வந்தால் அப்படி ஒரு முக்கோணமே கிடையாது என்று பொருள். எந்த இரண்டு பக்கமும் சேர்ந்து மூன்றாவதைவிட நீளமாக இருக்க வேண்டும். அதையும் யூக்ளிட் முதல் பகுதியின் 20ஆம் தேற்றத்திலேயே சொல்லிவிட்டார்.

பழைய 13, 14, 15ஐ இதில் போட்டுப் பாருங்கள். அரைச் சுற்றளவு 21, மீதிகள் 8, 7, 6. 21 × 8 × 7 × 6 = 7056. வர்க்கமூலம் 84. அதே விடை.

ஹெரானைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவர் எந்தக் காலத்தவர் என்பதில் நெடுநாள் சர்ச்சை இருந்தது. அவருடைய ‘டையாப்ட்ரா’ என்ற அளவைக் கருவி நூலில் ஒரு சந்திர கிரகணம் பேசப்படுகிறது. அது கி.பி. 62இல் நிகழ்ந்த கிரகணம் என்று ஓட்டோ நாய்கபாவர் இருபதாம் நூற்றாண்டில் கணக்கிட்டுக் காட்டினார். ‘மெட்ரிக்கா’ பல நூற்றாண்டுகள் காணாமல் போயிருந்த நூல். 1896இல்தான் கான்ஸ்டாண்டிநோபிளில் அதன் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. சூத்திரம் ஹெரானின் சொந்தக் கண்டுபிடிப்பா என்பது வேறு கேள்வி. அது ஆர்க்கிமிடீசுடையது என்று பதினோராம் நூற்றாண்டில் அல்-பிரூனி எழுதியிருக்கிறார். ஆர்க்கிமிடீஸ் கி.மு. 212இல் இறந்தவர், ஹெரானுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவர். யாருடையதாக இருந்தாலும், நிரூபணத்தோடும் எண்ணோடும் சேர்த்து நம் கைக்கு வந்திருப்பது ஹெரான் எழுதியதுதான்.

ஆறாம் படி: வர்க்கமூலத்தை ஹெரான்போல எடுங்கள்

720 முழு வர்க்கம் அல்ல. ஹெரான் இங்கே நிறுத்திவிடாமல் வழியையும் சொல்லிக்கொடுக்கிறார்.

720க்குப் பக்கத்தில் உள்ள முழு வர்க்கம் 729. அதன் மூலம் 27. 720ஐ 27ஆல் வகுத்தால் 26உம் மூன்றில் இரண்டும். இதனுடன் 27ஐக் கூட்டினால் 53உம் மூன்றில் இரண்டும். அதில் பாதி 26உம் அரையும் மூன்றில் ஒன்றும், அதாவது 26 5/6. அதுதான் விடை.

இந்த 26 5/6ஐ வர்க்கப்படுத்தினால் 720 1/36 வரும். முப்பத்தாறில் ஒரு பங்குதான் கூடுதல். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 729 இருந்த இடத்தில் 720 1/36ஐ வைத்து மறுபடியும் செய் என்கிறார் அவர். அதாவது 27க்குப் பதில் 26 5/6ஐ எடுத்துக்கொண்டு 720ஐ வகுத்து, சராசரி காண வேண்டும். செய்து பார்த்தால் 26.832816 வருகிறது. இப்போது கால்குலேட்டரை எடுங்கள். 26.832816 என்றுதான் அதுவும் காட்டும். இரண்டே சுற்று!

இது ஏன் இவ்வளவு விரைவாக நெருங்குகிறது? 27 உண்மையான மூலத்தைவிடப் பெரியது. அதனால் 720ஐ அதனால் வகுத்து வரும் எண் சிறியதாகத்தான் இருக்கும். உண்மை இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. சராசரி எடுத்தால் இரண்டு பிழைகளும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. எந்த எண்ணுக்கும் இது செல்லும். சூத்திரத்தை மறந்தாலும் இந்த முறையை மறக்காதீர்கள்.

ஏழாம் படி: ஏன் என்று கேளுங்கள்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். 13, 14, 15 செ.மீ. முக்கோணத்தையே மறுபடியும் சுத்தமாக வரையுங்கள், கச = 13, சத = 14, கத = 15. மூன்று கோணங்களையும் காம்பஸால் இருசமக் கூறிடுங்கள். மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சேரும். அதற்கு ம என்று பெயர் வைப்போம். அந்தப் புள்ளியை மையமாக வைத்து மூன்று பக்கங்களையும் தொடும் உள்வட்டம் வரையலாம். ஆரம் சரியாக 4 செ.மீ. இருக்கும்.

ம-விலிருந்து மூன்று உச்சிகளுக்கும் கோடு போட்டால் முக்கோணம் மூன்று சிறு முக்கோணங்களாகப் பிரிகிறது. அவற்றின் அடிப்பக்கங்கள் 13, 14, 15. உயரம் மூன்றுக்கும் அதே 4. ஆகவே மொத்தப் பரப்பளவு 42 × 4 இல் பாதி, அதாவது 21 × 4 = 84. அரைச் சுற்றளவு சூத்திரத்தில் ஏன் வருகிறது என்பதற்கு இதுதான் பதில். பரப்பளவு என்பது அரைச் சுற்றளவை உள்வட்ட ஆரத்தால் பெருக்கியது.

அடுத்தது மீதிகள். ஓர் உச்சியிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள் போகின்றன, இரண்டும் சம நீளம். வட்டம் கச-வைத் தொடும் புள்ளி ட, சத-வைத் தொடும் புள்ளி ண என்று குறியுங்கள். அளந்து பாருங்கள்: கட 7, சண 6, தண 8. அரைச் சுற்றளவிலிருந்து பக்கங்களைக் கழித்து வந்த அதே மூன்று எண்கள்! பாடப்புத்தகத்தில் வெறும் கழித்தலாகத் தெரியும் அந்த அடைப்புக்குறிகள், படத்தில் தொட்டுக் காட்டக்கூடிய கோட்டுத் துண்டுகள்.

இனி ஆரத்தை இந்தத் துண்டுகளோடு கட்டிப்போட வேண்டும். ஹெரான் செய்வது இது.

தச கோட்டை ச-வுக்கு அப்பால் 7 செ.மீ. நீட்டி, ந என்று குறியுங்கள். சந-வும் கட-வும் சமம். இப்போது தந முழு நீளம் 21, அரைச் சுற்றளவு ஒரே கோடாகக் கிடந்துவிட்டது. அப்புறம் தம கோட்டுக்கு ம-வில் ஒரு செங்குத்து, தச கோட்டுக்கு ச-வில் ஒரு செங்குத்து போடுங்கள். இரண்டும் முக்கோணத்துக்குக் கீழே ல என்ற புள்ளியில் சந்திக்கும். மல கோடு சத-வை வெட்டும் இடம் வ.

த, ம, ச, ல நான்கும் ஒரே வட்டத்தில் இருக்கின்றன, ஏனென்றால் ம-விலும் ச-விலும் தல கோட்டைப் பார்க்கும் கோணம் செங்கோணம். ஆகவே தமச கோணமும் தலச கோணமும் சேர்ந்து 180 பாகை. ம-விலிருந்து மூன்று உச்சிகளுக்கும், வட்டம் பக்கங்களைத் தொடும் மூன்று புள்ளிகளுக்கும் கோடு போட்டால் ம-வைச் சுற்றி வரும் ஆறு கோணங்களும் இரண்டிரண்டாகச் சமம் என்பதால் தமச-வும் கமட-வும் சேர்ந்தாலும் 180 பாகை. அப்படியானால் கமட-வும் தலச-வும் சமம். கடம, தசல இரண்டும் வடிவொத்த முக்கோணங்கள். கட : டம என்பது 7 : 4, தச : சல என்பது 14 : 8. சல நீளத்தை அளந்து பாருங்கள், 8 செ.மீ. இருக்கும்.

அதேபோல வ-வின் இரு பக்கமும் உள்ள சவல, ணவம முக்கோணங்களும் வடிவொத்தவை. எல்லாவற்றையும் சேர்த்தால் தச : சந, சல : மண, சவ : வண மூன்றும் ஒரே விகிதம், 14 : 7, 8 : 4, 4 : 2. முதல் விகிதத்திலும் கடைசி விகிதத்திலும் இரண்டாம் உறுப்பை முதல் உறுப்போடு கூட்டினால், தந : சந = சண : வண. எண்ணில் சொன்னால் 21 : 7 = 6 : 2.

கடைசியாக ஒன்று. தமவ செங்கோண முக்கோணம், அதன் செங்கோணத்திலிருந்து விழும் செங்குத்து மண. ஆகவே மண-வின் வர்க்கம் = தண × வண. 16 = 8 × 2. வண-வுக்கு மேலே கிடைத்த மதிப்பைப் போட்டால், ஆரத்தின் வர்க்கம் = தண × சந × சண ÷ தந. இரண்டு பக்கத்தையும் தந-வின் வர்க்கத்தால் பெருக்குங்கள். இடது பக்கம் அரைச் சுற்றளவு × ஆரம் என்பதன் வர்க்கம், அதாவது பரப்பளவின் வர்க்கம். வலது பக்கம் தந × சந × சண × தண, அதாவது 21 × 7 × 6 × 8. சூத்திரம் வந்துவிட்டது.

இதற்குள் ஒரு துணிச்சலும் இருக்கிறது. யூக்ளிட் வழியில் இரண்டு நீளங்களைப் பெருக்கினால் செவ்வகம், மூன்றைப் பெருக்கினால் கன உருவம். நான்கைப் பெருக்கினால்? அப்படி ஓர் உருவமே அவர்களுக்குக் கிடையாது. ஹெரான் வர்க்கத்தை வர்க்கத்தால் பெருக்குவதைத் தயங்காமல் செய்கிறார். நீளங்களை எண்களாகப் பார்க்கப் பழகிய ஒருவருக்குத்தான் அது வரும்.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

மிகவும் ஒடுங்கிய முக்கோணத்தில் இந்தச் சூத்திரத்தை நம்பி ஏமாறாதீர்கள். தவறு சூத்திரத்தில் இல்லை, அளவில் வரும் சிறு பிசகு விடையில் பெரிதாகிவிடும். பக்கங்கள் 9, 10, 17 என்றால் பரப்பளவு 36. அந்த 17ஐத் தவறுதலாக 17.5 என்று அளந்தால் விடை 32.3 ஆகிவிடும். பக்கம் கூடினால் பரப்பளவு குறைகிறது, அதுவும் பத்தில் ஒரு பங்கு! 13, 14, 15இல் அதே அரை அலகுப் பிழையை 15இல் செய்தால் 84 வெறும் 85.5 ஆகிறது. ஆகவே நிலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும்போது முடிந்தவரை மூன்று பக்கமும் ஒத்த நீளத்தில் வரும்படி பிரியுங்கள்.

நான்கு பக்க நிலத்துக்கு நான்கு ஓரங்களை மட்டும் அளந்தால் போதாது. அதே நான்கு பக்கங்களை வைத்து நிமிர்ந்த வடிவமும் வரலாம், சாய்ந்த வடிவமும் வரலாம். ஒரு மூலைவிட்டத்தையும் அளந்துகொண்டு, இரண்டு முக்கோணங்களாக்கிக் கூட்டுங்கள். நான்கு உச்சிகளும் ஒரே வட்டத்தில் இருந்தால் மட்டும் நான்கு பக்கங்களிலிருந்தே பரப்பளவு வரும். அந்தச் சூத்திரத்தைத் தந்தவர் பிரம்மகுப்தர், கி.பி. 628இல் எழுதிய பிரம்மஸ்புடசித்தாந்தத்தில். அதில் ஒரு பக்கத்தைச் சுழியாக்கினால் ஹெரான் சூத்திரம் கிடைக்கும். எட்ஃபுக்காரர்கள் நான்காவது பக்கத்தை ‘ஒன்றுமில்லை’ ஆக்கிய அதே வேலை, இந்த முறை சரியான சூத்திரத்தில்.

சமபக்க முக்கோணத்துக்கு ஒரு குறுக்குவழியும் ஹெரான் பெயரில் வரும் நூல்களில் உண்டு. பக்கத்தின் வர்க்கத்தில் மூன்றில் ஒன்றையும் பத்தில் ஒன்றையும் கூட்டு. பக்கம் 10 என்றால் 33 1/3உம் 10உம் சேர்ந்து 43 1/3. உண்மை 43.30. மனக்கணக்குக்கு இது தாராளமாகப் போதும்.

பயிற்சிக்கு மூன்று. 5, 5, 6 பக்கமுள்ள முக்கோணத்துக்கும் 5, 5, 8 பக்கமுள்ளதற்கும் பரப்பளவு கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் 12தான் வரும், ஏன் என்று ஒரே செங்கோண முக்கோணத்தை இரண்டு விதமாக ஒட்டிப் பார்த்தால் தெரியும். அடுத்து, 9, 10, 17க்கு உள்வட்ட ஆரம் காணுங்கள். சுற்றளவும் 36, பரப்பளவும் 36, ஆகவே ஆரம் 2ஆகத்தான் இருக்க முடியும். மூன்றாவது 51, 52, 53. இதற்கு உயரம் தேடும் மூன்றாம் படியையும் ஐந்தாம் படியையும் இரண்டையும் பயன்படுத்துங்கள், இரண்டிலும் 1170 வர வேண்டும்.